பாண்டு வாத்தியக்காரர்களின் கௌரவம்

‘கதம் கதம் படாயே ஜா’ என்ற மெட்டை நமது ராணுவ பாண்டுகள் முழக்கும்போது மயிர்க்கூச்செறியாத தேசாபிமானி இருக்கமாட்டார். அம்மெட்டை அமைத்தவர் யாரென்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? வாய்ப்பாட்டு வித்வான்களுக்கும் வீணை வித்வான்களுக்கும் பட்டமும் பொன்னாடையும் கிடைப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் சீருடை தரித்து வெயிலில் நின்று குழலூதுகிறவனும் ஸங்கீதக்காரனே என்ற ஞாபகம் நமது ஸபைகளுக்கும் சர்க்காருக்கும் வருவது அபூர்வமாயிருக்கிறது.

மெட்டமைத்தவர் ராம்சிங் டாகுரி. தர்மசாலையை அடுத்த மலைநாட்டில் 1914-ம் வருஷம் பிறந்த கூர்க்கா. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்து பாண்டில் வாத்தியம் பயின்றவர், மலேயா யுத்தத்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். வம்சீதர் சுக்லாவின் பாட்டுக்கு அவர் மெட்டமைத்தார். ஆஸாத் ஹிந்த் சர்க்காரின் கீதத்தை பாண்டுக்கு இசைத்துக் கொடுத்தவரும் அவரே. நேதாஜி தம் கையாலேயே அவருக்கு ஒரு பிடிலைப் பரிசளித்தார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களை விட்டுத் துப்பாக்கி ஏந்தப் புறப்பட்ட தமிழர் பலருக்கு ஹிந்துஸ்தானி வார்த்தைகளின் பொருள் விளங்கியிராது. மெட்டின் தாளம் அவர்கள் கால்களுக்கு விளங்கிற்று. யுத்தம் முடிந்தபின் இப்பாட்டை ராஜத்துரோகமென்று பிரிட்டிஷார் தடுத்ததிலிருந்தே அதன் வலிமை தெரியவில்லையா? 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் ‘ஜன கண மன’ வாசித்த ராம்சிங், பிறகு லக்னௌவில் மாகாண ஆயுதப் போலீஸ் பாண்டை நடத்தி, 2002-ல் காலமானார்.

பாண்டு வெள்ளையர் விட்டுப்போன சரக்கு, அதற்கென்ன கௌரவம் என்று சில தேசபக்தர்கள் கேட்கக்கூடும். பிடில் எங்கிருந்து வந்ததாம்? முத்துஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்கார பாண்டு வாசித்த மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அவ்வுருப்படிகள் சுமார் 40. இங்கிலீஷ் ராஜகீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்றாயிருக்கிறது. லண்டன் ராஜாவைக் காக்கும்படி கேட்ட மெட்டில் அவர் ச்யாமளாம்பிகையை வேண்டினார். அன்னிய மெட்டை இப்படி ஆட்கொண்ட நாட்டில், அன்னிய வாத்தியத்தில் சொந்த மெட்டு எழுப்பியவனுக்கு மரியாதை இல்லையென்பது வெட்கக்கேடு.

குடியரசு தின விழா முடிவில் ஜனவரி 29-ந் தேதி தில்லியில் முப்படை பாண்டுகளும் கூடுகின்றன. அங்கே வெகுகாலம் வாசிக்கப்பட்ட ‘அபைட் வித் மீ’ என்ற கிறிஸ்தவ கீதத்தை 2022-ல் நீக்கிவிட்டார்கள். காந்தியடிகள் பிரியத்துடன் கேட்ட கீதம் அது. அதை நீக்கியதில் நமக்கு உற்சாகமில்லை. சுதேச மெட்டுக்களே வேண்டுமென்பது கொள்கையானால், அவற்றைப் படைப்போரை ஆதரிக்கவேண்டாமா? ஸங்கீத விருதுகளில் பாண்டுக்கென ஒன்றை ராம்சிங்கின் பெயரால் ஏற்படுத்தலாம். பட்டாளங்களிலும் போலீஸ் பாண்டுகளிலும் பெட்டிகளில் கிடக்கும் ஸ்வரத்தாள்களை அச்சிட்டுப் பள்ளிக்கூட பாண்டுகளுக்கு அனுப்பலாம். இவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டுமென்று அதிகாரிகள் சொல்வார்கள். அணிவகுப்பில் ஒவ்வொரு மெட்டு முழங்குமுன்னும் அதை அமைத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல என்ன செலவு? வருகிற ஜனவரியிலேயே அதைத் தொடங்கும்படி தில்லி சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.