மோட் போட்டதும் கேம் திறக்கலையா?

'ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்' கம்ப்யூட்டருக்கு வந்தது 2005-ல். அதில் வரும் போலீஸ்காரர் தொடங்கி தெருவில் நடப்பவர் வரை, யாருடைய உருவத்தையும் மாற்றித்தரும் ஃபைல்கள்தான் 'மோட்'. ஆனால், மோட் போட்டதுமே சிலருக்கு கேம் திறக்காமல் அடம்பிடிக்கும்.

காரணம், பல மோடுகள் கேமின் 1.0 வெர்ஷனுக்காக உருவாக்கப்பட்டவை. வேறு வெர்ஷனில் போட்டால் ஒத்துப்போகாது. கேரக்டர்கள் இருக்கும் 'ஜி.டி.ஏ.3.ஐ.எம்.ஜி' ஃபைலை நேரடியாக மாற்றினாலும் சிக்கல்தான். முதலில் அதை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். 'மோட் லோடர்' மூலம் போட்டால் ஒரிஜினல் ஃபைலில் கைவைக்கவே வேண்டாம். பிடிக்காத மோடை ஃபோல்டரிலிருந்து நீக்கினால் போதும்.

'ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்றால் மட்டும் உஷார். அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கும்!