ஆயில் குச்சியைத் திருகிப் பார்க்காதீங்க



போன மாசம் பால் காசு முழுக்க வண்டிக்கே போச்சு. எல்லாம் என் தப்புதான். படிக்கிற ஒருத்தருக்காவது உதவட்டும்னு எழுதுறேன்.

விடியக்காலை பால் கேனோட சொசைட்டிக்குப் போயிட்டிருந்தேன். பாதி வழியில என்ஜின் இறுகுற மாதிரி சத்தம் வந்து, அப்படியே நின்னு போச்சு. கிக்கரை மிதிச்சா இறங்கவே இல்லை. பின்னாடி வந்த தம்பி வண்டியில கேனை ஏத்தி விட்டுட்டு, மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே போனேன். அவர் கழட்டிப் பார்த்துட்டு, "ஆயில் ரொம்பக் குறைவா வச்சு ஓட்டியிருக்கீங்கண்ணே"ன்னார். போர் போட்டு, பிஸ்டன் மாத்தி, கூலியோட 6,500 ரூபாய் ஆச்சு.

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. நான் மாசம் தவறாம ஆயில் பார்க்கிற ஆளு. குச்சியில கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலயே இருந்துச்சே! "எப்படிப் பார்ப்பீங்க?"ன்னு கேட்டார். குச்சியைத் துடைச்சு, மறுபடி முழுசாத் திருகி, கழட்டிப் பார்ப்பேன்னு சொன்னேன். "அங்கதான் ஏமாந்துட்டீங்க"ன்னு சிரிச்சார்.

விஷயம் இதுதான். ஹீரோ, ஹோண்டா 100 சிசி வண்டிகள்ல குச்சியைத் துளையில சும்மா வச்சுத்தான் பார்க்கணும். திருகினா மரை இறங்குற அளவுக்குக் குச்சி ஆழமாப் போயிடும். குறைஞ்ச ஆயிலும் போதுமான ஆயில் மாதிரி தெரியும். நான் பார்த்த "கொஞ்சம் மேல" நிஜத்துல கோட்டுக்குக் கீழ! எல்லா வண்டிக்கும் இதே முறை இல்லை. சில வண்டியில திருகித்தான் பார்க்கணும், சிலதுல கண்ணாடி ஜன்னலே இருக்கும். வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கும். நம்ம வீட்டுல அது பீரோவுக்கு அடியில கிடக்கும், அவ்வளவுதான்.

அடுத்த தப்பு, சைடு ஸ்டாண்டுல நிறுத்திப் பார்க்கிறது. வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் அந்தப் பக்கம் போயிடும். குச்சி இருக்கிறது கிக்கர் பக்கம். அதனால ஆயில் குறைவாத் தெரியும். உடனே நாம இன்னும் ஊத்துவோம். மேல்கோட்டைத் தாண்டினாலும் கெடுதல்தான். சமமான தரையில சென்டர் ஸ்டாண்டு போடுங்க. மூணு நாலு நிமிஷம் என்ஜினை ஓட விட்டு நிறுத்துங்க. ரெண்டு மூணு நிமிஷம் பொறுங்க, ஆயில் கீழ இறங்கட்டும். அப்புறம் குச்சியைத் துடைச்சு வச்சு எடுத்துப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். குறைஞ்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பார்க்கணும். டிராக்டருக்கு வாங்கி மீந்ததை ஊத்தாதீங்க. நம்ம பைக்குல கிளட்ச்சும் அதே ஆயில்லதான் ஊறுது. ஆயில் ஒத்துக்கலைன்னா கிளட்ச் வழுக்கும்.

"அதான் சர்வீஸ் விடுறோமே, மெக்கானிக் பார்த்துக்க மாட்டாரா?"ன்னு பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். சர்வீஸுக்கு விடுறது ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா. பழைய என்ஜின் ஆயிலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். நாம தீவன மூட்டை, உர மூட்டைன்னு ஏத்தி வரப்புல ஓட்டுறோம். நடுவுல குறைஞ்சா யார் பார்க்கிறது? மாடு சாணி போடுறதை வச்சே அதுக்கு உடம்பு சரியில்லைன்னு கண்டுபிடிக்கிறோம். அதுக்கு டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கிறதில்லையே! வண்டியும் அப்படித்தான். ஓட்டுறவன்தான் பார்க்கணும்.

தப்பாப் பார்க்கிறது, பார்க்காம விடுறதைவிட மோசம்னுதான் நான் சொல்வேன். பார்க்காதவனுக்குப் பயமாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லாமப் போச்சு.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில பால் ஊத்திட்டு வந்ததும் என் பையனை நிறுத்தி, அவன் கையாலயே பார்க்கச் சொல்றேன். முதல் வாரம் அவனும் குச்சியைத் திருகத்தான் போனான்!