தெரிந்துகொள்வோம்: தராசில் தொங்குவது

லண்டன் சட்டத்தரணி அனுப்பிய கடிதத்தில், எங்கள் அகதி விண்ணப்பம் ‘ஹாங்கிங் இன் த பலன்ஸ்’ என்றிருந்தது. பலன்ஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது மிச்சக்காசுதான். அவருக்கு ஏதோ பாக்கி என்று நினைத்து, ஓவர்டைம் காசை உறையில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அவர் சிரிக்கவில்லை. இரு கைகளையும் தராசுத் தட்டுகள் போல ஏந்திக் காட்டினார். பலன்ஸ் என்பது தராசின் பழைய பெயராம். இரண்டு தட்டு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்தத் தட்டும் இன்னும் தாழவில்லை. முடிவு எப்படியும் வரலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் உயிரைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள், வாசகர்களே. கேட்டுப் பதறவேண்டாம், கைவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

“தட்டில் வைக்க இன்னும் ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டார். அண்ணாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் இருந்தது. உறையிலிருந்த காசு அதை மொழிபெயர்க்கப் போனது.