மறைத்து விற்பது தமிழ் மருத்துவமா?

"தமிழ் மருத்துவம் இருக்க அயலான் மருந்து எதற்கு? வாயில் வைத்து இழுக்கும் குப்பியைத் தூக்கி எறியுங்கள். எங்கள் தூளை ஒரு மண்டலம் உண்ணுங்கள். இரைப்பு வேரோடு அகலும்!" துண்டறிக்கையிலும் மேடையிலும், இப்பொழுது கைப்பேசித் திரையிலும் இவ்வாறு முழங்குவோர் தமிழகத்திற் பெருகிவிட்டனர். அவர்தம் அறிக்கையில் சித்தர் பெயர் இருக்கும்; தமிழின் தொன்மை இருக்கும்; அகத்தியர் படமும் இருக்கும். தூளில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இராது. கேட்டால், 'அது வழிவழி வந்த குடும்ப மறை' என்பர். தமிழ் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் நெகிழும் நல்லுள்ளங்களே இவர்தம் வணிகத்தின் முதற்பொருள்.

இரைப்பு, பெருமை பேசித் தீர்க்கும் நோயன்று. மூச்சுக்குழாயின் உட்சுவர் அழன்று வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, கோழை அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியேற வழியின்றித் திணறுகிறது. கடுந்தாக்குதலில் ஒரு கொடுமை உண்டு. குழாய்கள் மிக இறுகிக் காற்றோட்டமே அற்றுப்போகும்பொழுது இரைப்பொலியும் நின்றுவிடும். அருகிருப்போர், "மருந்து கேட்டது, இரைப்பு அடங்கிவிட்டது" என்று மகிழ்வர். அந்த அமைதியோ சாவின் வாயில். உதடு நீலம் பாரித்துப் பேச நாவெழாமற் கிடக்கும் குழந்தைக்கு அந்நேரத்தில் தூளைத் தேனிற் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது தமிழ்ப்பற்றா? உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, 2019இல் உலக இரைப்பு நோயாளருள் இந்தியர் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர். அந்நோயால் இறந்தோருள் இந்தியரோ 42 விழுக்காட்டினர். நோயிற் சிறுபங்கும் சாவிற் பெரும்பங்கும் இந்நாட்டிற்கு வாய்த்தது ஏன்? இழுத்து உட்கொள்ளும் மருந்தை அஞ்சி ஒதுக்குவதும் இடையில் நிறுத்துவதும் தலையாய கரணியங்களுள் அடங்கும்.

"உண்டேன், நலமடைந்தேன்" என்று பலர் சான்று கூறுகின்றனரே எனலாம். அவர்கள் பொய்யர் அல்லர். ஆயினும் 2011இல் அமெரிக்கப் போசுட்டன் நகர ஆய்வொன்று காட்டியதைக் கருதுக. ஒரே நோயாளர்க்கு ஒருநாள் மெய்ம்மருந்துக் குப்பி, ஒருநாள் மருந்தில்லா வெற்றுக் குப்பி, ஒருநாள் பொய்யான ஊசிக்குத்தல், ஒருநாள் ஒன்றுமே இல்லை என மாற்றி மாற்றிச் செய்து, ஊதும் மூச்சைக் கருவியால் அளந்தனர். மெய்ம்மருந்தால் மூச்சளவு 20 விழுக்காடு உயர்ந்தது. ஏனைய மூன்றினாலும் ஏறத்தாழ 7 விழுக்காடே. ஆனால், "எவ்வளவு நலம்?" என நோயாளரைக் கேட்டபொழுது, மெய்ம்மருந்துக்கும் வெற்றுக் குப்பிக்கும் பொய்யூசிக்கும் ஏறத்தாழ ஒரே விடை வந்தது! நலமென்று உள்ளம் சொல்கிறது. நுரையீரலோ அடைபட்டே கிடக்கிறது. தூள் விற்போர் காட்டும் சான்றுகள் யாவும் உள்ளத்தின் சான்றுகள். நுரையீரலின் சான்றை அவருள் எவர் காட்டினார்?

இனி, 'அயலான் மருந்து' என்னும் கூற்றைப் பார்ப்போம். இந்நாட்டு மக்கள் ஊமத்தையை உலர்த்திப் புகைத்து இரைப்பைத் தணித்துவந்தனர். சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த சேம்சு ஆண்டர்சன் அதனை அறிந்து, செண்ட் என்னும் படைத்தலைவர்க்குச் சொன்னார். அவர் வழியாக அது 1802ஆம் ஆண்டளவில் எடின்பரோ மருத்துவர்களைச் சென்றடைந்தது. ஊமத்தை நஞ்சு, அளவு மீறின் அறிவைப் பிறழச் செய்யும், இன்று எவரும் அதனைப் புகைத்தல் ஆகாது. அவ்வினச் செடிகளின் நஞ்சாகிய அட்ரோப்பீனை அறிவியலார் பிரித்து, திருத்தி, தீமை குறைத்து, 1970களில் இப்ராட்ரோப்பியம் என்னும் இழுமருந்தாக்கினர். ஆடாதோடையின் கதையும் இத்தகையதே. அவ்விலையின் சாரமாகிய வாசிசீன் 1888இல் பிரித்தெடுக்கப்பெற்றது. அதனை அடியாகக் கொண்டு செருமானியர் 1960களில் கோழை இளக்கும் புரோமெக்சீனை ஆக்கினர். தமிழன் வேலியில் நின்ற செடி, அயலான் ஆய்வகத்தில் மருந்தாகித் திரும்பி வருகிறது. தமிழனோ ஆராயவும் இல்லை. ஆராய்ந்தவன் தந்ததைத் தூக்கி எறியவும் சொல்கிறான். (உடனடித் தணிப்புக்குரிய சால்பூட்டமால் எம்மூலிகையினின்றும் வந்ததன்று. அதனால் அது தமிழர்க்குப் பகையும் அன்று.)

பிற இனத்தார் தத்தம் செடியை எவ்வாறு போற்றினர்? சீனர் நெடுங்காலமாக வழங்கிய 'மாகுவாங்கு' என்னும் செடியிலிருந்து எபிடிரினை 1885இல் பிரித்தவர் சப்பானியராகிய நாகாய். அதன் செயற்பாட்டை 1920களில் பீக்கிங்கில் அளந்து உலகறியச் செய்த இருவருள் ஒருவர் சென் என்னும் சீனர். எகிப்தியர் மூலிகையாகிய கெல்லாவை அடியாகக் கொண்ட குரோமோகிளைக்கேட்டை 1965இல் கண்டவர் உரோசர் அல்தூனியான். தாமே இரைப்பு நோயாளர். இரைப்பைத் தம்மேல் வேண்டுமென்றே வருவித்து, மருந்துகளைத் தம்மிலேயே பன்னூறு முறை தேர்ந்தவர். அவர் மறைத்தாரில்லை, அளந்தார், வெளியிட்டார்.

மேலை மருத்துவம் பிழையே செய்யாதது என்பதன்று. 1960களில் இங்கிலாந்தில், செறிவு மிகுந்த ஐசோபிரினலின் குப்பிகள் பரவிய காலத்தில், இளையோர் பலர் இரைப்பால் மாண்டனர். சாவுகளை எண்ணியவர்களும் அம்மருத்துவரே. எண்ணி, 1968இல் வெளியிட்டு எச்சரித்தனர். பிற்காலத்தும், சால்பூட்டமாலை மட்டுமே நம்பியிருத்தல் கேடு, அழற்சி தணிக்கும் மருந்தும் உடன்வேண்டும் என உலக வழிகாட்டு நெறி 2019இல் மாற்றப்பெற்றது. தன் பிழையைத் தானே எண்ணுவது ஒரு மருத்துவத்தின் வலிமை. தூள் உண்டு மாண்டோரை எண்ணிய ஏடு எங்கேனும் உண்டா?

"குப்பியில் இசுட்டீராய்டு உள்ளது; நஞ்சு!" என்று அச்சுறுத்துவதும் இவர் வழக்கம். குப்பியில் உள்ளது மைக்ரோகிராம் அளவினது. நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வது. 2000இல் கனடாவின் சசுகாச்சுவான் மாநில ஆவணங்களைக் கொண்டு செய்த ஆய்வில், அதனை ஒழுங்காக இழுத்தோரிடைச் சாவு குறைந்திருந்தது. நிறுத்தியோரிடை முதல் மூன்று திங்களிற் சாவு மிகுந்திருந்தது. மறைமருந்து சிலவற்றை ஆய்ந்தபொழுதோ, அவற்றுள் அதே இசுட்டீராய்டு மில்லிகிராம் கணக்கிற் கலக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டதுண்டு. இரண்டே நாளில் இரைப்பு நிற்கும், வியப்புத்தான். பின்னர் முகம் உப்பும், எலும்பு நலியும், குருதியிற் சர்க்கரை ஏறும்.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் சூன் திங்களில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சட் குழம்பை வைத்து விழுங்கச் செய்கின்றனர். இரைப்புக்கு மருந்தென்று பெருங்கூட்டம் திரள்கிறது. குழம்பின் கூறு அங்கும் மறையே. அதனைக் கேட்டு நகைக்கும் தமிழன்பர், தம் ஊர்த் தூளுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்பதைச் சொல்லட்டும். அவர்கள் காசு வாங்குவதில்லை என்பது ஒரு வேறுபாடு!

தமிழ் மூலிகையிற் பொருளே இல்லை என்பது பொருளன்று. 1999இல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் தூதுவளையையும் கண்டங்கத்தரியையும் மிதமான இரைப்புள்ளோர்க்குக் கொடுத்து, மூச்சைக் கருவியால் அளந்தனர். 300 மில்லிகிராம் பொடியால் மூச்சளவு உயர்ந்தது, டெரிபிலின் என்னும் வழக்கமான மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடாயிற்று, சால்பூட்டமாலுக்குக் குறைவாயிருந்தது. குறைவு என்பதையும் மறையாது எழுதினர். அது சிறிய, தொடக்க நிலை ஆய்வு. நூற்றுக்கணக்கான நோயாளரைக் கொண்டு, வழக்கமான மருந்தை நிறுத்தாமல், ஆண்டுக்கணக்கில் அதனை விரித்துச் செய்தற்குத் தாம்பரத்தில் 2005 முதல் இயங்கும் சித்த மருத்துவ நிறுவனமும் பாளையங்கோட்டைக் கல்லூரியும் இருக்கின்றன. தமிழ் மருத்துவத்திற்காக முழங்குவோர் முழங்க வேண்டியது அரசின் வாயிலில், அவ்வாய்வுக்குப் பொருள் கேட்டு. அதுவரை, மூச்சின் விசையை அளக்கும் சிறு ஊதுகுழற் கருவியொன்றைத் தூள் விற்போர் தம் மேசைமேல் வைத்து, கொடுக்குமுன் ஓர் அளவும் கொடுத்தபின் ஓர் அளவும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். குழந்தையின் மூச்சிழுப்பானோ பள்ளிப்பையிலேயே இருக்கட்டும்.