சீட்டைக் காட்டித்தான் சிந்திக்க வேண்டுமா?

“அடையாளச் சீட்டைக் காட்டு, அப்புறம் பேசு” என்கின்றனர் சிலர். இணையத்தில் ஏசுவோரை அடக்க இதுவன்றி வழியில்லையாம்! தென்கொரியா அவ்வழியே சென்றது. பெருந்தளங்களில் எழுதுவோர் தம்மை இன்னாரென மெய்ப்பிக்க வேண்டுமென்று 2007-இல் விதித்தது.

ஏச்சு ஒழிந்ததா? குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்கே சான்றில்லை என்று கூறி, 2012-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதியை ஒருமனதாக வீழ்த்திற்று. இடையே 2011-இல், நேட், சைவேர்ல்டு தளங்களிலிருந்து 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. ஏசியவன் ஏசிக்கொண்டேயிருந்தான், ஏதுமறியாதவன் பறிகொடுத்தான்!

குற்றவாளியைப் பின்னர்த் தேடிப் பிடிக்க வழியுண்டு என்றது அதே நீதிமன்றம். நாமும் அதையே சொல்கிறோம். முதலாளியின் மோசடியை எழுதும் தொழிலாளியும், சாதிவெறியரின் மிரட்டலை எழுதும் பெண்ணும் முதலில் தம் முகவரியை ஒப்படைக்க வேண்டுமாம். யாரிடம், தோழர்களே? பூட்டுக்கூடப் போடத் தெரியாத கிடங்குக்காரரிடமா?