கனடாவுக்குப் போகலாமா?

கனடாவில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு தாராவி 90 அடி சாலையிலும் செம்பூர் ரயில் நிலைய வாசலிலும் அடிபடுகிறது. முன்பெல்லாம் கனடா என்றால் டொராண்டோ. இப்போது சொல்லப்படும் ஊர்கள் வேறு: வின்னிபெக், ரெஜைனா, சாஸ்கட்டூன், எட்மன்டன். கோதுமை விளையும் பரந்த சமவெளியில் இருக்கும் நகரங்கள் இவை. போகலாமா, வேண்டாமா என்று பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் முழுவதும் குளிரைப் பற்றியே நடப்பதுதான் வேதனை.

குளிர் சாதாரணமானதல்ல. மும்பையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1962 ஜனவரி 22-ஆம் தேதி 7.4 டிகிரி. வின்னிபெக்கிலோ ஜனவரி மாதத்துச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரி. சில நாட்களில் 30-க்கும் கீழே இறங்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் மூடாத காதும் மூக்கும் சில நிமிடங்களில் மரத்துப் போகும். காரின் எஞ்சினை இரவில் மின்சாரத்தால் சூடாக்கி வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். எட்மன்டனில் டிசம்பர் கடைசியில் பகல் பொழுது ஏழரை மணி நேரம்தான். விடியுமுன் வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்ப வேண்டும். ஆனாலும் அங்கே வீடு, பஸ், தொழிற்சாலை எல்லாம் சூடாக்கப்பட்டவை. நல்ல கோட்டும் பூட்ஸும் இருந்தால் உடம்பு பழகிவிடும். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தவர்களுக்கு வானிலையைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. அந்த நாடு யாரைக் கேட்கிறது?

டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ரயிலேறியவர்களுக்கு ஒரு காலத்தில் பம்பாய் ஆபீஸ்களில் நாற்காலி காத்திருந்தது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் உருவாகும் அளவுக்கு அவர்கள் இங்கே வேரூன்றினார்கள். 1966-இல் சிவசேனா தோன்றியபோது அதன் கோபம் பாய்ந்தது அந்த நாற்காலிகள் மீதுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களோ தோல் பதனிடும் கிடங்குகளில் கையுழைப்பை நம்பினார்கள். பேனா பிடித்தவருக்குச் சம்பளம், சுத்தியல் பிடித்தவருக்குக் கூலி என்பதே இந்த நகரத்தின் கணக்கு.

கனடாவின் கணக்கு தலைகீழ். அங்கே வேலைகளை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு மத்திய அரசு நடத்தும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 0 முதல் 3 வரையுள்ள வேலை அனுபவமே செல்லும். வெல்டர் 2-ஆம் படியில் இருக்கிறார். லாரி டிரைவரும் சமையற்காரரும் 3-ஆம் படி. தபாலும் ஃபைலும் பார்க்கும் பொது குமாஸ்தா 4-ஆம் படி. அதாவது வாசலுக்கு வெளியே. வயதும் எதிரி. 29 வயது வரை முழு மதிப்பெண். 45 ஆகிவிட்டால் வயதுக்கென்று ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஃபோர்ட் பகுதியில் 20 ஆண்டு குமாஸ்தாவாக இருந்து, பிராவிடண்ட் ஃபண்டும் சேர்ந்துவிட்டவர், பக்கத்து வீட்டுப் பையன் போனான் என்பதற்காகக் கிளம்புவது அறிவுடைமை ஆகாது. கணக்கெழுதும் வேலை 2-ஆம் படியில் வருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வேலையைத்தான் பார்த்தார் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும்.

எழுதித் தருவதில்தான் தாராவி வெல்டரும் மாட்டிக்கொள்கிறார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் கேட்கிறார்கள். பட்டறையில் சனிக்கிழமை மாலை கையில் கூலியை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் அப்படி என்ன இருக்கும்? பத்து வருடம் இரும்பை ஒட்டியவர், காகிதத்தில் ஒருநாள் கூட வேலை செய்யாதவர். கனடா ஆசை இருக்கிறதோ இல்லையோ, கூலியை வங்கி வழியாகத் தரும்படி முதலாளியிடம் இன்றே கேட்கலாம், ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு முயலலாம். ஆங்கிலத் தேர்வு அதற்கு அடுத்தது. கைத்தொழிலாளர்களுக்கான தனிப் பிரிவில் மிக உயர்ந்த ஆங்கிலம் கேட்பதில்லை. சொன்னதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்தால் கரையேறலாம். ஆனால் அதே பிரிவில் கனடாவின் தொழில் சான்றிதழோ, கனடா முதலாளியின் வேலைக் கடிதமோ கையில் இருக்க வேண்டும்.

இந்த வேலைக் கடிதத்தின் வழியாகத்தான் ஏஜெண்ட் உள்ளே நுழைகிறார்.

வெளிநாட்டு ஆளை எடுக்கக் கனடா முதலாளி தம் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். ஓர் ஆளுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியிடமிருந்து திரும்ப வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் 2009-இலிருந்தே வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வசூலிப்பது குற்றம். சட்டம் இப்படி இருக்க, கடிதங்கள் பல லட்சம் ரூபாய்க்கு விலை போயின. அந்த வியாபாரம் முற்றியதால் 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குத் தந்துவந்த கூடுதல் மதிப்பெண்களையே கனடா அரசு எடுத்துவிட்டது. இன்றும் அந்த மதிப்பெண்ணைச் சொல்லிக் கடிதம் விற்கிறவர் செல்லாத நோட்டை விற்கிறார்.

கடிதம் உண்மையாகவே இருந்தாலும், அது எந்த உரிமையைத் தருகிறது என்று கேட்க வேண்டும். ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை செய்யலாம் என்ற அனுமதிச் சீட்டு ஒரு வகை. நிரந்தர வசிப்புரிமை இன்னொரு வகை. முதல் வகையில் போனவர், முதலாளி சரியில்லை என்று அடுத்த தெருவில் வேலை தேட முடியாது. துன்புறுத்தப்படுகிறவருக்கு 2019 முதல் தனி அனுமதி தருகிறார்கள், அதற்கும் சாட்சியம் காட்ட வேண்டும். மனைவியும் வேலை பார்ப்பார் என்ற கணக்கும் இப்போது எல்லோருக்கும் பொருந்தாது. 2025 ஜனவரி முதல், உயர்ந்த படிகளிலும் குறிப்பிட்ட சில தொழில்களிலும் இருப்பவரின் துணைக்கே அந்தச் சலுகை.

மாகாண அரசுகள் தாமே ஆள் தேர்ந்தெடுக்கும் முறை இதைவிட நல்ல வழி. மானிடோபா 1998-இலிருந்து அதை நடத்துகிறது. வெளிநாட்டிலிருந்து மனுப்போடுகிறவருக்கு அங்கே உறவினரோ நண்பரோ இருப்பதைப் பெரிதாக மதிக்கிறார்கள். தாராவிக்கு வந்த தலைமுறைக்கு இது புரியாத விஷயமா? ஊர்க்காரர் ஒருவர் இடம் கொடுத்துத்தானே எல்லோரும் வந்தார்கள்! ஆனால் இந்தக் கதவின் அகலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மாகாணங்கள் வழியாக 2024-இல் 1,10,000 பேர் என்று வைத்த இலக்கை 2025-க்கு 55,000 ஆக வெட்டினார்கள். அடுத்த ஆண்டுக்கு மறுபடி கூட்டினார்கள்.

சம்பளத்தைப் பார்ப்போம். எட்மன்டன் இருக்கும் அல்பெர்ட்டாவில் 2018-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் என்று நிர்ணயமாயிற்று. வாரம் 40 மணி என்றால் மாதம் 2,600 டாலர். ஏஜெண்ட் அதை அறுபதால் பெருக்கி ஒன்றரை லட்சம் ரூபாய் என்பார். வரியும் பிடித்தமும் போய், ஒரு படுக்கையறை வீட்டுக்கு 1,000 டாலருக்கு மேல் வாடகையும் கொடுத்த பிறகு மிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவாரா? கட்டட வேலையில் பனிக்காலத்தில் ஆட்களை நிறுத்திவைப்பதும் உண்டு. போகுமுன் காட்ட வேண்டிய கையிருப்பு வேறு. கனடாவில் வேலை உறுதியாகாமல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போகும் நான்கு பேர் குடும்பத்துக்கு 2025-இல் அது சுமார் 28,000 டாலர், ரூபாயில் 17 லட்சத்துக்கு மேல். கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது என்பதும் விதி.

அந்த 17 லட்சத்துக்காகத் தாராவி ரூமை விற்கலாமா என்ற யோசனை எழுகிறது. கூடவே கூடாது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது மறுசீரமைப்புத் திட்டம். அது எப்போது கைக்கு வரும் என்பதில் ஆயிரம் சந்தேகம் இருக்கலாம், எதிர்ப்பும் இருக்கிறது. ஆனாலும் அந்த ரூமும் அதன் பத்திரங்களும்தான் இரண்டு தலைமுறை சேர்த்த சொத்து. முப்பது வயதுக்குள் கைத்தொழிலும் காகிதமும் சொந்தப் பணமும் இருக்கிற பிள்ளை தாராளமாகப் போகட்டும். ரூமை விற்றுப் போக வேண்டுமென்றால், மும்பையிலேயே இருப்பது மேல்.

ஏஜெண்டைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மித்தி ஆற்றைத் தாண்டி பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் விதேஷ் பவனுக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். தாராவியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்வரும் தூரம்தான்.