தாயைப் போலப் பிள்ளை

திருச்செந்தூர் வட்டாரத்தில் தாமிரபரணி நீர் பாயும் வாழைத் தோட்டங்களைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு கவலை. மண்ணிலிருந்து வேர் வழியே ஏறும் பனாமா வாடல் நோய் ரஸ்தாளியைக் கொன்றுவிடும். அருகிலுள்ள பூவனோ பச்சென்று நிற்கும். காரணம் உரமன்று, பிறவிக் குணம்.

வாழைக்கு விதையில்லை. தாயை உரித்து வைத்ததே கன்று. ஆகையால் ஒன்று வீழ்ந்தால் குலமே வீழும். மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் 'குரோஸ் மிஷேல்' அவ்விதமே மறைந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் இப்போது வேறொரு பூஞ்சை வகை மாய்க்கிறது. 2017-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், காட்டு வாழையின் மரபணு ஒன்றைச் சேர்த்து அதைக் காத்துக் காட்டினார்கள். காடு காத்து வைத்ததே வீட்டைக் காக்கிறது!

ஆகவே, நேயர்களே, ஒரே பழத்தைக் கேளாதீர்கள். பூவன், மட்டி, செவ்வாழை என்று மாற்றி வாங்குங்கள். நாம் கேட்கும் பழமே தோட்டத்தில் நிலைக்கும்.